காற்புள்ளியை எங்கே இடுவது?



ஆங்கிலக் கட்டுரையை எழுதி முடித்ததும், கொதித்து இறக்கிய குழம்பில் கடைசியாக உப்புத் தூவுவதுபோல, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காற்புள்ளிகளைத் தூவிவிட்டு விடைத்தாளைக் கொடுப்பவர்கள் நம்மில் பலர். தாள் திருத்தப்பட்டுத் திரும்பி வரும்போது நாம் இட்ட புள்ளிகள் சில சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். நாம் இடாத இடங்களில் சில சிவப்புப் புள்ளிகள் புதிதாக முளைத்திருக்கும். "இங்கே ஏன் வேண்டும்? அங்கே ஏன் கூடாது?" என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் விடை இருக்காது. வகுப்பில் நாம் கமா என்று சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு புள்ளிக்கு உரிய இடம் எது, அது செய்யும் வேலை என்ன என்பதைச் சற்றே ஆராய்வோமா?

சிறு வகுப்புகளில் நாம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விதிதான். வாசிக்கும்போது எங்கே மூச்சு நிற்கிறதோ, அங்கே காற்புள்ளி. நம் தமிழில் புள்ளிகளுக்கு அமைந்துள்ள பெயர்களும் இதையே நினைவூட்டுகின்றன. கால், அரை, முக்கால், முற்று என்று அவை நாழிகைக் கணக்குப்போல் வரிசையாக நிற்கின்றன. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்தம், அரைப்புள்ளிக்கு இரண்டு என்று கணக்கும் சொல்வார்கள். உரக்க வாசிக்கும் பயிற்சிக்கு இது நல்ல துணை. ஆனால் ஆங்கிலம் எழுதும்போது இந்த ஒரு விதியையே நம்பினால் கரை சேர முடியாது.

எடுத்துக்காட்டாக, நாள்தோறும் நாம் நூறு முறை சொல்லும் 'யெஸ், சிஸ்டர்' என்பதைப் பாருங்கள். சொல்லும்போது இரண்டு சொற்களுக்கும் நடுவில் யாரும் மூச்சு விடுவதில்லை. ஆயினும் எழுதும்போது அங்கே காற்புள்ளி கட்டாயம் வேண்டும். இனி, 'தி கேர்ள் ஹூ வன் தி ஃபர்ஸ்ட் பிரைஸ் இன் தி ஸ்போர்ட்ஸ் இஸ் மை கஸின்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். விளையாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பெண் என் உறவினள் என்பது பொருள். நீளமான வாக்கியமாகையால் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் மூச்சு வாங்கத்தான் செய்கிறோம். ஆனால் அங்கே காற்புள்ளி இட்டால் தவறு. அந்த நீண்ட தொடர் முழுவதும் எழுவாய். 'இஸ்' என்பதில் பயனிலை தொடங்குகிறது. எழுவாயையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளியால் பிரிக்கக் கூடாது. மூச்சு நிற்காத இடத்தில் புள்ளி வேண்டியிருக்கிறது. மூச்சு நிற்கும் இடத்தில் புள்ளி கூடாதிருக்கிறது. அப்படியானால் காற்புள்ளி மூச்சின் வேலைக்காரி மட்டும் அல்லள் என்பது தெளிவாகிறதல்லவா?

இதன் பிறப்பு வளர்ப்பைச் சிறிது அறிந்துகொண்டால் காரணம் விளங்கும். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த அரிஸ்டோபனீஸ் என்னும் கிரேக்க அறிஞர், வரியில் மூன்று வெவ்வேறு உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். அக்காலத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளிகூட இல்லாமல் எழுதுவார்கள். ஆகவே உரக்கப் படிப்பவர் எங்கே நிறுத்துவது என்று அறிய அந்தப் புள்ளிகள் உதவின. வாக்கியத்தின் சிறு பகுதிக்குக் 'கொம்மா' என்று பெயர். வெட்டி எடுத்த துண்டு என்பது அதன் பொருள். பின்னாளில் துண்டின் பெயரே அதைக் காட்டும் புள்ளிக்கும் ஆகிவிட்டது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம், இறைவாக்கினர் நூல்களைப் பொருளுக்கு ஏற்ற துண்டு துண்டான வரிகளாகப் பிரித்து எழுதினார். படிப்பவர் தடுமாறக் கூடாது என்பதே அவர் கருத்து.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவியபோது காற்புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோடு ஒன்றே அச்சாயிற்று. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற புகழ்பெற்ற அச்சாளர் அதே நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அச்சிட்ட நூல்களில், அந்தக் கோடு சுருங்கி, வரியின் அடியில் இறங்கி, இன்று நாம் காணும் வளைந்த வடிவத்தைப் பெற்றது. அவருடைய பேரர் 1566-ல் வெளியிட்ட நூலில், நிறுத்தக்குறிகளின் முதன்மையான நோக்கம் வாக்கியத்தின் அமைப்பைத் தெளிவாக்குவதே என்று எழுதிவைத்தார். மூச்சுக்காகப் பிறந்த புள்ளி இவ்வாறு பொருளுக்காக வளர்ந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு ஏன் இத்தனை வேலை? நம் மொழியோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும், 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் தமிழில் ஓடுவது பூனைதான். 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு, துரத்தப்பட்டது எது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. 'தி டாக் சேஸ்ட் தி கேட்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் நாய் ஓடத் தொடங்கிவிடும். அங்கே சொல்லின் பொருளை அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. அந்த இடமும் ஐயத்தைத் தரும்போது காவலுக்கு வந்து நிற்பது காற்புள்ளி. நமக்கு உருபும் விகுதியும் செய்கிற வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் காற்புள்ளி செய்கிறது என்று வைத்துக்கொண்டால், விதிகளை மனப்பாடம் செய்யும் துன்பம் பெரிதும் குறையும். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, விளி. 'அம்மாவைக் கூப்பிடு' என்பது வேறு, 'அம்மா, கூப்பிடு' என்பது வேறு. முன்னதில் இரண்டாம் வேற்றுமை, பின்னதில் எட்டாம் வேற்றுமையாகிய விளி. ஆங்கிலத்தில் 'கால் மதர்' என்றால் அம்மாவைக் கூப்பிடு என்று பொருள். 'கால், மதர்' என்றால் அம்மாவிடமே கூப்பிடச் சொல்கிறோம். எழுத்தில் வேறுபாடு அந்த ஒரு புள்ளிதான். ஆகவே ஒருவரை விளித்துப் பேசும்போது அவர் பெயரையோ முறைப்பெயரையோ காற்புள்ளியால் பிரித்துக் காட்ட வேண்டும். 'யெஸ், சிஸ்டர்' என்பதில் புள்ளி ஏன் என்பது இப்போது விளங்கும். பெயர் வாக்கியத்தின் நடுவில் வந்தால் முன்னும் பின்னும் இரண்டு புள்ளிகள் வேண்டும்.

இரண்டாவது, முன்னால் வரும் துணை வாக்கியம். 'ஆஃப்டர் வி ஹாட் ஈட்டன் தி பாரட் பிகேன் டு டாக்' என்று ஒருத்தி எழுதினால், படிப்பவர் முதலில் கிளியையே சாப்பிட்டுவிட்டார்கள் என்று திடுக்கிடுவார்! 'ஈட்டன்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால் கிளி பிழைத்துக்கொள்ளும். நாங்கள் சாப்பிட்ட பிறகு கிளி பேசத் தொடங்கியது என்ற சரியான பொருளும் கிடைக்கும். தமிழில் இந்தக் குழப்பம் வருவதில்லை. 'கிளியை' என்றால்தானே அது உணவு? வெறும் 'கிளி' என்றால் அதுவே எழுவாய். ஆகையால் ஆஃப்டர், வென், இஃப், வைல், பிகாஸ் முதலிய சொற்களால் தொடங்கும் பகுதி வாக்கியத்தின் முன்னால் வந்தால், அப்பகுதி முடியும் இடத்தில் காற்புள்ளி இட வேண்டும். அதே பகுதி பின்னால் வந்தால் பெரும்பாலும் புள்ளி தேவைப்படாது.

மூன்றாவது, அடுக்கி வரும் பெயர்கள். நாம் 'அரிசியும் பருப்பும் நெய்யும்' என்று ஒவ்வொன்றிலும் 'உம்' சேர்க்கிறோம். ஆங்கிலத்தார் கடைசிப் பெயருக்கு முன் மட்டும் 'அண்ட்' சேர்த்து, மற்ற இடங்களில் காற்புள்ளி இடுகிறார்கள். அந்த 'அண்ட்' என்பதற்கு முன்னும் ஒரு புள்ளி வேண்டுமா என்பதுதான் பெரிய வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை இடும் வழக்கமுடையது. ஆகவே அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி என்றே பெயர். செய்தித்தாள்கள் பலவும் அதை விட்டுவிடுகின்றன. 'ஐ இன்வைட்டட் மை சிஸ்டர்ஸ், மீனா அண்ட் ராணி' என்று எழுதினால் அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? 'என் தங்கைகளான மீனாவையும் ராணியையும்' என்றால் இருவர். 'என் தங்கைகளையும் மீனாவையும் ராணியையும்' என்றால் குறைந்தது நால்வர். எத்தனை இலை போடுவது என்று சமையலறையில் இருப்பவர் கேட்டால் என்ன சொல்வோம்? மீனாவுக்குப் பின் இன்னொரு காற்புள்ளி இருந்தால், தங்கைகள் வேறு, இவர்கள் வேறு என்பது தெளிவாகும்.

இது வெறும் விளையாட்டுக் கேள்வி அன்று. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் மாநிலத்தில் இந்த ஒரு புள்ளியால் பெரும் வழக்கு நடந்தது. அம்மாநிலச் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். உணவுப் பொருள்களைச் சார்ந்த சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த வேலைகளின் வரிசையில், சேமித்துவைத்தல் முதலியவற்றுக்குப் பின் கடைசியாக 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் சிலர் 2014-ல் வழக்குத் தொடுத்தனர். "அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொருள்களைக் கட்டுவது என்ற ஒரே வேலையைத்தான் சட்டம் சொல்கிறது. நாங்கள் கட்டுவதில்லை; விநியோகம் செய்கிறோம். ஆகவே எங்களுக்குக் கூடுதல் கூலி உண்டு" என்பது அவர்கள் வாதம். "கட்டுவது ஒரு வேலை, விநியோகிப்பது வேறொரு வேலை, இரண்டுக்குமே விலக்கு உண்டு" என்றது நிறுவனம்.

கீழ்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வரி ஐயத்துக்கு இடம் தருகிறது என்றும், ஐயம் எழும்போது கூலிச் சட்டத்தைத் தொழிலாளருக்கு நன்மை தரும் வகையிலேயே கொள்ள வேண்டும் என்றும் கூறி வண்டியோட்டிகளுக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர இசைந்து வழக்கு முடிந்தது. இதற்கிடையில் சட்டமன்றமும் அந்த வரியை மாற்றி, ஒவ்வொரு வேலைக்கும் இடையே அரைப்புள்ளியே இட்டுவிட்டது! இரவு பகலாக வண்டி ஓட்டிய எளியவர்களின் கூலி ஒரு புள்ளி இல்லாமையால் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழில் 'கட்டுதல், விநியோகித்தல்' என்றோ, 'விநியோகத்துக்காகக் கட்டுதல்' என்றோ எழுதியிருந்தால் இந்த வழக்குக்கே இடமிராது.

நான்காவது, 'ஹூ', 'விச்' என்ற சொற்களால் வரும் பகுதி. இதில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். 'தி கேர்ள்ஸ் ஹூ கேம் லேட் வேர் பனிஷ்ட்' என்றால் தாமதமாக வந்தவர்கள் மட்டும் தண்டனை பெற்றார்கள். 'தி கேர்ள்ஸ், ஹூ கேம் லேட், வேர் பனிஷ்ட்' என்று இரண்டு காற்புள்ளிகள் இட்டால், மாணவிகள் அனைவருமே தாமதமாக வந்தார்கள், அனைவருமே தண்டிக்கப்பட்டார்கள் என்று பொருள். நேரத்தோடு வந்து அமர்ந்திருந்தவர்கள் மீதும் அந்த இரண்டு புள்ளிகள் பழி சுமத்திவிடுகின்றன! நம் பெயரெச்சத்தில் இந்த வேறுபாடு தானாகத் தெரிவதில்லை. 'தாமதமாக வந்த மாணவிகள் மட்டும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தோ, இரண்டு வாக்கியமாகப் பிரித்தோதான் நாம் தெளிவாக்க வேண்டும். ஆகவே தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு இங்கே கால் இடறுவது இயல்பு. இதற்கு ஒரு சோதனை உண்டு. அந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறாமல் இருந்தால் இரு பக்கமும் காற்புள்ளி இடுக. மாறிவிட்டால் ஒன்றும் வேண்டாம். இரட்டைப் பிள்ளைகள் போன்ற இந்தப் புள்ளிகளில் ஒன்றை மட்டும் இட்டு மற்றதை மறப்பது எப்போதுமே பிழை.

ஐந்தாவது, சொல் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பது. லூக்கா நற்செய்தி 23-ஆம் அதிகாரம் 43-ஆம் வசனத்தில், சிலுவையில் தம்மோடு அறையுண்டு மனம் திரும்பிய கள்வனுக்கு ஆண்டவர் வாக்களிக்கிறார். பழைய கிரேக்கப் பிரதிகளில் இன்றுள்ளதுபோல் நிறுத்தக்குறிகள் இல்லை. ஆங்கிலத்தில் 'டுடே' என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இட்டால், அவன் பேரின்ப வீட்டில் சேர்வது இன்றே. அதற்குப் பின் இட்டால், வாக்கைச் சொல்வதுதான் இன்று, சேர்வது என்றைக்கோ! கத்தோலிக்க மொழிபெயர்ப்புகளும் மற்றும் பெரும்பாலான மொழிபெயர்ப்புகளும் முன்னால்தான் இடுகின்றன. 'உனக்குச் சொல்கிறேன்' என்று ஆண்டவர் உறுதி கூறும் மற்ற இடங்களில் 'இன்று' என்று சேர்த்துச் சொல்வதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். சாகும் தறுவாயில் ஒருவன் பெற்ற ஆறுதல் ஒரு புள்ளியின் இருப்பிடத்தால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

கனடா நாட்டில் நடந்ததும் இத்தகையதே. தொலைபேசிக் கம்பங்களைப் பயன்படுத்துவது பற்றி இரண்டு நிறுவனங்கள் 2002-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்ற பகுதிக்கு முன் ஒரு காற்புள்ளி இருந்தது. அது முதல் 5 ஆண்டுகளுக்கும் பொருந்துமா, அதற்குப் பிந்திய காலத்துக்கு மட்டுமா என்று வழக்கு எழுந்தது. அந்தப் புள்ளி இருப்பதால் எப்போதும் விலகலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2006-ல் முடிவு கூறியது. ஆனால் அந்த ஒப்பந்த வாசகத்துக்குப் பிரெஞ்சு மொழி வடிவமும் இருந்தது. அதில் ஐயத்துக்கே இடமில்லை. ஆகவே 2007-ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இரு மொழி அறிந்தவர்க்கு இது நல்ல பாடம். ஒரு மொழியில் மங்கலாயிருப்பது மற்றொரு மொழியில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

ஆறாவதாக, காற்புள்ளியால் செய்ய முடியாத வேலையும் ஒன்று உண்டு. 'மணி அடித்தது, நாங்கள் உள்ளே சென்றோம்' என்று தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் 'தி பெல் ராங், வி வென்ட் இன்' என்று எழுதினால் பிழையாகக் கொள்வார்கள். எழுவாயும் பயனிலையும் நிறைந்த இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றே கட்டி நிறுத்த முடியாது. கால் பங்கு வலிமை உள்ளவளிடம் முழுச் சுமையை ஏற்றலாமா? அங்கே முற்றுப்புள்ளி இடலாம். அரைப்புள்ளி இடலாம். அல்லது காற்புள்ளியோடு 'அண்ட்', 'ஸோ' போன்ற ஓர் இணைப்புச் சொல்லைத் துணைக்கு அனுப்பலாம். அதுபோலவே, 'ஷீ ஸெட் தட்' என்று வரும் இடத்தில் 'தட்' என்பதற்கு முன்னும் பின்னும் பொதுவாகப் புள்ளி வேண்டாம். நம் 'என்று' என்னும் சொல்லைப்போல் அதுவே இணைக்கும் வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவே தோழியரே, அடுத்த முறை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே புள்ளி இடுவது என்று ஐயம் எழுந்தால், பேனாவைச் சற்று நிறுத்தி அந்த வாக்கியத்தைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். 'ஐ' வருகிறதா, விளி வருகிறதா, 'உம்' எத்தனை, 'மட்டும்' என்ற சொல் வேண்டியிருக்கிறதா என்று கேளுங்கள். தமிழில் உருபு பிரித்துக் காட்டுகிற இடத்தை ஆங்கிலத்திலும் ஏதேனும் ஒன்று பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்றும் காட்டவில்லையானால் அங்கே காற்புள்ளி இட்டால் தெளிவு வருமா என்று சோதியுங்கள். தெளிவு வந்தால் இடுங்கள். மூச்சு மட்டும் நின்று, பொருள் தொடர்ந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

பேசும்போது நம் குரலும் முகமும் கையும் துணை நிற்கின்றன. கேட்பவருக்குப் புரியாவிட்டால் மீண்டும் கேட்பார், நாமும் விளக்குவோம். எழுதியது அப்படி அன்று. நாம் அனுப்பும் விண்ணப்பம் ஓர் அலுவலக மேசையில் தனியாகப் போய்ச் சேரும். படிப்பவருக்கு ஐயம் வந்தால் பக்கத்தில் நின்று விளக்க நாம் இருக்க மாட்டோம். நமக்காக அங்கே பேச இருப்பவை நாம் எழுதிய சொற்களும் இட்ட புள்ளிகளுமே. நாளை நம்மில் சிலர் ஆசிரியைகளாகவும் சிலர் செவிலியராகவும் சிலர் வழக்கறிஞராகவும் ஆவோம். மருந்துக் குறிப்பிலும் உடன்படிக்கையிலும் ஒரு புள்ளி பிறருடைய வாழ்வைத் தொடும். சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பார்கள். இந்தச் சிறு புள்ளியோ, உரிய இடத்தில் இருந்தால் ஒருவருடைய கூலியையே காப்பாற்றித் தரும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு